உலகம் அழிஞ்சாலும் பெட்ரோல் இருக்கும்!

கேள்வி: அணுகுண்டுப் போர், கொள்ளைநோய், அதுக்கப்புறம் பொழைச்சுக் கிடக்குறவங்க கதைன்னு எந்தப் படம் வந்தாலும் விடறதில்ல. போலீஸும் கரண்டும் போயிட்டா மனுஷன் ஒரே வாரத்துல மிருகம்தான், அதை இந்தப் படங்க மட்டும்தான் தைரியமா சொல்லுதுங்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறாங்க. உங்க கட்சி என்ன?

பதில்: கோவிச்சுக்காதீங்க, நண்பர்கள் கட்சி. நீங்க பாக்குறதுல முக்கால்வாசி அழிவுப் படமே இல்ல, லீவு படம். ஆபீஸ் கிடையாது, கடன்காரன் கிடையாது, சூப்பர் மார்க்கெட்ல நுழைஞ்சு வேணுங்கிறதை அள்ளிக்கலாம், பிடிக்காதவனைச் சுட்டா கேஸும் கிடையாது. பாக்குறப்ப நீங்க எப்பவும் துப்பாக்கி வெச்சிருக்கிற ஆளு, ரோட்டோரம் கிடக்குற எலும்புக்கூடு நாமளா இருக்கலாமேன்னு ஒரு தடவையாவது தோணிருக்கா?

1981ல வந்த 'மேட் மேக்ஸ் 2'வாவது பெட்ரோலுக்குத்தான் இந்த வெட்டுக்குத்தேன்னு நேர்மையா சொல்லிச்சு. அப்புறம் வந்ததுல எத்தனையோ படத்துல வருஷக்கணக்கா நின்ன காரு ஒரே சாவியில கிளம்புது. பெட்ரோல் சும்மா கிடந்தா ஒரு வருஷம் தாங்குறதே பெருசு சார், பிசினாட்டம் படிஞ்சு அடைச்சுக்கும், பேட்டரி அதுக்கு முன்னாடியே செத்திருக்கும். பல்வலி வந்து துடிக்கிற ஹீரோவையும் நான் அதிகம் பாத்ததில்ல.

மிருகத்துக்கு வர்றேன். ஹிரோஷிமாவுல குண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6. ஆகஸ்ட் 9 அன்னைக்கு அதே ஊர்ல கொஞ்ச தூரத்துக்கு டிராம் ஓடிருக்கு. மூணே நாள்! ஊரே கரிக்கட்டையா கிடக்கு, யாரோ தண்டவாளத்தைச் சுத்தம் பண்ணி, கம்பியை இழுத்துக் கட்டி, வண்டியை எடுத்திருக்காங்க. அது ஒரு ஊரு, வெளியிலேர்ந்து ஆள் வர முடியும், உலகமே போனா வேற கதைன்னு நீங்க மடக்குவீங்க, நியாயம்தான்.

அப்ப 1984ல பிபிசி எடுத்த 'த்ரெட்ஸ்' பாருங்க. அணுகுண்டுப் போர்ல இங்கிலாந்தோட ஷெஃபீல்ட் நகரம் என்ன ஆகுதுங்கிற கதை. சுடுறது திருடுறது எல்லாம் அதுலயும் உண்டு, ஆனா எனக்குத் தூக்கம் போனது அதனால இல்ல. போர் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு ஒரு சீன், தேய்ஞ்சுபோன பழைய வீடியோ டேப்ல குழந்தைங்களுக்கான பாட நிகழ்ச்சி ஓடுது, பிராணிங்களோட எலும்புக்கூட்டைக் காட்டிக் காட்டி ஒரு குரல் சொல்லிட்டே போகுது, எதிர்ல உக்காந்திருக்கிற பசங்க மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. போருக்கப்புறம் பொறந்ததுங்க, பேச்சே ரெண்டு மூணு வார்த்தைதான், அதுவும் ஒடைஞ்ச வார்த்தை. இவ்ளோதாங்க அந்த சீன்.

போர்க்கால ஜப்பான்ல அம்மாவை இழந்த அண்ணன் தங்கச்சி கதை, 1988ல வந்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' அனிமேஷன் படம், அதையும் பாத்துருங்க. மிட்டாய் தீர்ந்ததும் டப்பாவுல தண்ணி ஊத்தி, குலுக்கி, தங்கச்சிக்குக் குடுப்பான் அண்ணன். இதுங்களுக்கு இடம் குடுத்த சொந்தக்கார அம்மா இருக்காங்களே, அவங்க மிருகமெல்லாம் இல்ல, கத்தி எடுக்கல, கதவைச் சாத்தல. கஞ்சி ஊத்துறப்ப தன் வீட்டு ஆளுங்களுக்குக் கரண்டியை அடியில விட்டு அள்ளுறாங்க, இதுங்க ரெண்டுக்கும் மேலாப்ல.