தாடை வெளுத்த பென்குயின்: அடேலியா, சின்ஸ்ட்ராப்பா?

அடேலி, சின்ஸ்ட்ராப் இரண்டும் அண்டார்க்டிகாப் பகுதியின் பென்குயின் இனங்கள். நீங்கள் படமெடுத்துக் கேட்ட பறவை சின்ஸ்ட்ராப் இல்லை, அடேலிதான். ஏறக்குறைய ஒரு வயதுப் பறவை.

தொண்டை வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் இல்லை, அதனால் எந்தப் புத்தகப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். பெரும்பாலான கையேடுகள் வளர்ந்த அடேலியை மட்டுமே காட்டுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. முதல் இறகுடையில் அடேலியின் தாடையும் தொண்டையும் வெள்ளை. ஏறத்தாழ 14 மாதத்தில் இறகு உதிர்த்த பிறகே தலை முழுவதும் கறுக்கும். கண்வளையம் வெளுக்கவும் ஓராண்டாவது ஆகும். நீங்கள் படமெடுத்தது டிசம்பரில், அதுவும் மிதக்கும் பனிப்பாளத்தின் மேல். அண்டார்க்டிகாவின் போன கோடையில் பொரித்தது என்றால் கணக்குச் சரியாக வருகிறது. இந்த வயதில் அவை கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களுக்கு அதிகம் வருவதில்லை.

உறுதிசெய்ய, படத்தைப் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பாருங்கள்.

1. கண் கறுப்புக்குள் புதைந்து, கறுப்பும் வெள்ளையும் சேரும் கோடு அதற்குக் கீழே ஓடினால் அடேலி.
2. முகம் வெள்ளையாகி, கண் அந்த வெள்ளையில் தனியாகத் தெரிந்தால் சின்ஸ்ட்ராப்.

சின்ஸ்ட்ராப்பின் அடையாளமாகத் தாடைக்கடியில் ஓடும் மெல்லிய கறுப்புக் கோட்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். கழுத்தைச் சுருக்கி நின்றால் அது மடிப்பில் மறைந்துவிடும். நானே ஒருமுறை அப்படி ஏமாந்திருக்கிறேன்.

இன்னொன்று: கேமராவில் தேதி சரியாக வைத்திருந்தீர்களா? பிப்ரவரிப் படம் என்றால், அந்தப் பருவத்திலேயே பொரித்துக் கடலுக்கு இறங்கும் குஞ்சுக்கும் இதே வெள்ளைத் தொண்டைதான். அதன் முதுகில் நீலச் சாயல் இருக்கும். ஒரு வயதுப் பறவையின் இறகு தேய்ந்து பழுப்பேறியிருக்கும்.