ஆய்வக பீகிள்களுக்கு வீடு தேடுவது பற்றி

சோதனை முடிந்த நான்கு பீகிள் நாய்களுக்கு வீடு தேடி விளம்பரம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். 'பீகிள் இலவசம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். குட்டி போடவைத்து விற்கிறவர்கள்தான் முதல் ஆளாக வருவார்கள். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அப்புறம் பெங்களூரின் சி.யு.பி.ஏ. (CUPA) என்ற விலங்கு நல அமைப்பிடம் பேசுங்கள். ஆய்வக பீகிள்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. கருத்தடை செய்த பிறகே கொடுங்கள்.

ஏற்கெனவே சாதுவான நாய் ஒன்று இருக்கிற வீடு கிடைத்தால் விடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்தவைக்குப் படிக்கட்டும் தெரியாது, புல்தரையும் தெரியாது. இன்னொரு நாயைப் பார்த்துத்தான் சீக்கிரம் பழகும். பயந்தால் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடக்கூடும், அதனால் மார்புப்பட்டை கட்டாயம் என்று சொல்லிவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் அனுப்ப வேண்டாம், பாவம்.