தொலைக்காட்சிக்கு வந்த உதைபந்தாட்ட வீரர்களில் உங்களால் மறக்க முடியாதவர் யார்?

இந்தக் கேள்விக்குப் பாதிப் பேர் கேரி லினேக்கர் என்றுதான் எழுதுவீர்கள். 1986 உலகக் கிண்ணத்தில் 6 கோல் அடித்துத் தங்கப் பாதணி வாங்கியவர், பிறகு 1999 முதல் 2025 வரை பிபிசியின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியை நடத்தியவர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கொழும்பில் அதை எத்தனை பேர் பார்த்திருப்போம்? கேபிளில் எங்களுக்கு வந்தது சிங்கப்பூரில் இருந்து ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ். அதில் உட்கார்ந்திருந்தார் ஷெபி சிங். என் பதில் அவர்தான்.

முழுப் பெயர் செர்பெகெத் சிங். ஜோகூர்க்காரர், பஞ்சாபிக் குடும்பம், 80களில் மலேசிய தேசிய அணியின் பின்கள வீரர். அவருக்கு முந்திய தலைமுறை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவர் எங்கிருந்து வந்தார் என்பது விளங்கும். கோல் காப்பாளராக நம்ம ஆறுமுகம், பின்களத்தில் சந்தோக் சிங், சோ சின் ஆன் என்று நின்று, தென் கொரியாவைத் தோற்கடித்து 1980 மொஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, கடைசியில் நாடு புறக்கணித்ததால் போகாமலே இருந்த அணி அது. அந்த வரிசையில் அடுத்து வந்தவர் இவர். பெரிய கோல் அடித்த கதை எதுவும் அவரிடம் இல்லை, கோல் விழாமல் பார்த்துக்கொள்வதுதானே அவருடைய வேலை.

எனக்கு அவரைப் பிடித்ததற்கும் அதுதான் காரணம். இங்கிலாந்தில் பகல் 3 மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு 8.30 (2006 ஏப்ரலுக்கு முன்னர் நாட்டின் கடிகாரத்தையே அரை மணி முன்னுக்கு ஓட விட்டிருந்தோமே, அப்போது 9 மணி), இடைவேளைக்கு ஜோன் டைக்ஸ் வந்து கேள்வி கேட்பார், பக்கத்தில் லிவர்பூலின் பழைய நடுக்கள வீரர் ஸ்டீவ் மெக்மஹோன் மாதிரி ஒருவர் இருப்பார், எல்லாரும் அடித்தவனைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது ஷெபி மட்டும் கோல் விட்டவனைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். இடது பக்கப் பின்கள வீரன் எந்தக் காலில் நின்றான், பந்தைப் பார்த்தானா ஆளைப் பார்த்தானா, ஏன் ஒரு அடி முன்னால் போனான் என்று. அதற்குப் பிறகு அதே கோலைத் திருப்பிக் காட்டினால் நமக்கு வேறு ஏதோ கோல் மாதிரித் தெரியும். உதைபந்தாட்டத்தில் பந்து இல்லாத இடத்தைப் பார்க்கப் பழகியது நான் அப்படித்தான்.

இன்னொன்று, அவருடைய ஆங்கிலம். மலேசிய ஆங்கிலம், அதை மறைக்க அவர் முயன்றதே இல்லை. பக்கத்தில் இங்கிலாந்து முதல் பிரிவில் ஆடிய மனிதர் இருக்கிறாரே, நாம் பார்த்துப் பேசுவோம் என்கிற தயக்கமும் கிடையாது, நீ சொல்வது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சிரிப்பார். கொம்பனித்தெருவில் எனக்கு ஒரு மலாய்க் கூட்டாளி இருக்கிறான், ஜாவா லேன் கழகத்தின் ஆட்டம் என்றால் வேலையைப் போட்டுவிட்டுப் போகிற ஆள். "மச்சான், நம்மட முகத்தோட ஒருத்தன் வெள்ளைக்காரனுக்குப் பந்து படிப்பிக்கிறான் பார்" என்பான். ஷெபி மலாய்க்காரரும் இல்லை, தமிழரும் இல்லை. ஆனாலும் அவன் சொன்னது எங்கள் எல்லாருக்கும் பொருந்தியது. அப்போது அந்தத் திரையில் ஆசியர்கள் என்றால் பெரும்பாலும் பார்வையாளர்கள்தான், விளக்கம் சொல்கிற இடத்தில் ஆள் குறைவு.

மலேசியாவில் 2006 இல் மைடீம் என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி நடந்தது, பெயர் தெரியாத பெடியன்களைத் தேடிப் பிடித்து ஒரு அணியாக்கி தேசிய அணியோடு மோத விட்டார்கள். அதற்குப் பின்னாலும் ஷெபி இருந்தார்.

சரி, புகழ்ந்தது போதும். 2012 இல் இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் ரோவர்ஸ் கழகம் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. உரிமையாளர்கள் புனேயின் கோழி வியாபார நிறுவனமான வெங்கீஸ். அவர்கள் ஷெபியை உலக ஆலோசகர் என்ற பதவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவரும் ஸ்டுடியோவில் கதைத்தது போலவே அங்கேயும் கதைத்தார். தொடர்ந்து 3 ஆட்டம் தோற்றால் முகாமையாளர் ஸ்டீவ் கீனுக்கு வேலை போய்விடும் என்று ரசிகர்கள் கூட்டத்திலேயே சொன்னார். பல வருடம் அந்தக் கழகத்துக்கு ஆடிய மோர்டன் காம்ஸ்ட் பெடர்சனை பென்சன்காரர் என்றார். கீன் செப்டெம்பரில் போனார், பிறகு வந்த ஹெனிங் பெர்க் 57 நாளில் போனார், அவருடைய நட்டஈட்டு வழக்கு நீதிமன்றம் வரை போய் கழகம் 22.5 இலட்சம் பவுண் கொடுக்க வேண்டி வந்தது, அதற்கடுத்த மைக்கேல் அப்பிள்டனுக்குக் கிடைத்தது 67 நாள். எல்லாவற்றையும் ஷெபியின் தலையில் கட்ட முடியாது, அந்தக் கழகமே அப்போது குழம்பிப் போய்த்தான் கிடந்தது. ஆனால் அவருடைய வாய் உதவவில்லை என்பது உண்மை. நடுவில் ஒரு மேசையும் கெமராவும் இருக்கும்போது யாரைப் பற்றியும் கதைக்கலாம், திங்கட்கிழமை காலையில் அதே ஆளோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றால் பாதியை விழுங்கத்தான் வேண்டும். அவருக்கு விழுங்கத் தெரியவில்லை. இங்கிலாந்து ரசிகர்கள் அவரை ஒரு கோமாளியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு இன்றைக்கும் எரிச்சல், அவர்கள் பார்த்தது அந்தச் சில மாதங்களை மட்டும்தானே.

2022 ஜனவரி 12 அன்று ஜோகூரில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்து இறந்துபோனார். வயது 61. செய்தியை எனக்கு அனுப்பியதே அந்தக் கொம்பனித்தெருக் கூட்டாளிதான், பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பழைய கோல்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தோம்.

அப்புறம், இங்கே கிரிக்கெட்டுக்கு ரஞ்சித் பெர்னாண்டோ இருந்தார், ருசல் ஆர்னல்ட் இருக்கிறார், ஆடி முடித்தவர்கள் ஒலிவாங்கியைப் பிடிப்பது பழகிப்போன விஷயம். உதைபந்தாட்டத்தில் அப்படி ஒருவர் என் கண்ணில் பட்டதில்லை. 1995 இல் கொழும்பு சுகததாச அரங்கில் இந்தியாவைத் தோற்கடித்து தெற்காசியத் தங்கக் கிண்ணம் வாங்கிய அணி நம்ம இலங்கை அணி. அதில் ஆடிய யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்து, தமிழிலோ சிங்களத்திலோ, 2023 இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிஃபா ஏன் எங்களை இடைநிறுத்தியது என்பதையும், ஒரு பின்கள வீரன் ஏன் ஒரு அடி முன்னால் போனான் என்பதையும் கேட்டால் நான் டிவிக்கு முன்னால் இருந்து எழும்பவே மாட்டேன். அப்படி யாராவது எங்கேயாவது செய்துகொண்டிருந்தால் கீழே சொல்லுங்கள்.