பேரிடருக்குப் பிறகு குடிநீர் தருபவர்களைப் பார்த்து மனம் நெகிழ்ந்துபோனேன். அந்த வேலை உண்மையில் எப்படி நடக்கிறது?

வெள்ளம் வந்தால் சுற்றிலும் தண்ணீர் நிற்கும், குடிக்க ஒரு வாய் கிடைக்காது. கிணற்றிலும் குழாயிலும் கழிவுநீர் கலந்துவிடும். அதனால் முதல் வேலை, கலங்கல் நீரில் படிகாரம் போன்றதைச் சேர்த்து மண்ணைப் படிய வைப்பது. அவசரத்தில் இதை விட்டுவிடக் கூடாது, கிருமிகளைக் கொல்லும் குளோரின் கலங்கிய நீரில் சரியாக வேலை செய்யாது. தெளிந்த நீரில் குளோரின் கலந்து அரை மணி நேரமாவது காத்திருப்பார்கள். அப்புறம் குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். மக்கள் பிடித்துப்போகும் பாத்திரத்திலும் நீரைக் காப்பது அந்த மிச்சம்தான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்பது பேரிடர் உதவிப் பணிகளுக்கான சர்வதேச வழிகாட்டியான ஸ்பியர் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவு. குடிக்க, சமைக்க, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள எல்லாம் சேர்த்துத்தான்.

என்னை உலுக்குவது, யாரும் படம் பிடிக்காத வேலை. ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தது 2010 ஜனவரியில்; அசுத்த நீர் வழியே தொற்றும் காலரா பரவியது அக்டோபரில். அத்தனை மாதம் கழித்தும் தினமும் அதே குழாயடிக்குப் போய்ச் சோதிக்க ஆள் வேண்டும். நெகிழ்ச்சி உங்களை இந்த வேலைக்கு இழுத்தால், நீர்ப் பரிசோதனையைக் கற்றுக்கொள்வதில் தொடங்குங்கள்.