தொல்காலநிலை ஆய்வாளராக விரும்பும் மகள்: முல்லைத்தீவுத் தாயொருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள் என்றும், பூமியின் பழைய காலநிலையை ஆராயும் விஞ்ஞானியாக வரப்போவதாகச் சொல்லி உயர்தரத்தில் கணிதப் பிரிவைக் கேட்கிறாள் என்றும், உறவினரோ உயிரியல் பிரிவில் விட்டு அவளை வைத்தியராக்கச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்படியொரு வேலை உண்மையில் இருக்கிறதா, இருந்தால் அது வன்னியில் பிறந்த பிள்ளைக்குச் சோறு போடுமா என்பது நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. வேலை இருக்கிறது. அது சோறு போடுமா என்பது, அவள் எந்தப் படியில் எதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பதைப் பொறுத்தது.

மழையையும் வெப்பத்தையும் கருவிகொண்டு அளந்த பதிவுகள் நமக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கே உள்ளன. அதற்கு முந்திய காலத்தைப் பனிக்கட்டியிலும், குகைகளின் சுண்ணாம்புப் படிவுகளிலும், கடலடிச் சேற்றிலும், ஈரநிலங்களில் புதைந்த மகரந்த மணிகளிலும் தேடி வாசிப்பதே தொல்காலநிலை ஆய்வு. அந்தாட்டிக்காவின் டோம் சி என்னும் இடத்தில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் மூன்று கிலோமீற்றருக்கும் மேல் ஆழமாகத் துளையிட்டு எடுத்த பனிக்கட்டி 800,000 ஆண்டுகால வரலாற்றைத் தாங்கியிருந்தது. அதில் அடைபட்ட காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில், அந்த நெடுங்காலம் முழுவதும் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு 300 பங்கைத் தாண்டவேயில்லை என்பது தெரியவந்தது. இன்று அது 420 பங்கையும் கடந்துவிட்டது. காலநிலை மாற்றம் பற்றி உலக அரசுகள் பேசும்போது அடிப்படையாக வைக்கும் சான்றுகளில் இதுவும் ஒன்று.

இது பனி நாட்டாருக்கு மட்டும் உரிய படிப்பென்று எண்ண வேண்டாம். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்குநீரிணை அப்போது தரையாக இருந்ததால், மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ஒருவர் நடந்தே போயிருக்கலாம். ஹோர்ட்டன் சமவெளியின் கரிச்சேற்றில் கிடைத்த மகரந்தத்தைக்கொண்டு, நமது தீவில் மழை கூடியும் குறைந்தும் வந்த 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் ஜோய்டஸ் ரெசல்யூஷன் என்னும் துளையிடும் கப்பல் வங்காள விரிகுடாவின் அடித்தளத்தைத் துளைத்தது, பருவமழையின் பழைய போக்கை அறிவதற்காகவே. மாரி மழை எப்படிப் பெய்தது என்பதைப் பார்த்தே இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் மக்களுக்கு, உலகம் சூடாகும்போது அந்த மழை என்ன செய்யும் என்ற கேள்வி அந்நியமானதன்று. கொக்கிளாய், நாயாறு போன்ற களப்புகளின் அடிச்சேறும் இத்துறையினர் தேடும் வகையைச் சேர்ந்ததுதான்.

பெண்பிள்ளை காடு, கடல், பனி என்று அலைவாளோ என்று அஞ்சுகிறீர்கள். களப்பயணம் ஆண்டில் சில வாரங்களே இருக்கும். சிலருக்கு அதுவும் இராது. எஞ்சிய காலமெல்லாம் ஆய்வுகூடத்திலும் கணினியின் முன்னாலும் கழியும். கடலடிச் சேற்றைக் கழுவி அரித்து, போராமினிபெரா என்னும் நுண்ணிய கடலுயிர்களின் மணலளவான ஓடுகளை நுணுக்குக்காட்டியின் கீழ் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவற்றிலுள்ள பாரமான ஒட்சிசனுக்கும் இலேசான ஒட்சிசனுக்கும் இடையிலான விகிதத்தைத் திணிவு நிறமாலைமானியில் அளந்து, கிடைத்த எண்களை மாதக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரை எழுதுவதே இந்த வாழ்க்கை. நெல்லில் கல் பொறுக்குவதற்குள்ள பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. அவளுக்கு அது உண்டா என்பது என்னைவிட உங்களுக்கே தெரியும்.

இனி, பாடத்தெரிவு. தொல்காலநிலையியல் என்ற பெயரில் இளமாணிப் பட்டம் தேட வேண்டாம். பௌதிகம், இரசாயனம், புவிச்சரிதவியல், உயிரியல், புவியியல் என்று எந்த வாசலாலும் இத்துறைக்குள் வரலாம். ஆழ்கடல் ஓடுகளைக்கொண்டு பனியுகங்களின் கால ஒழுங்கை நிறுவியவர்களில் ஒருவரான நிக்கலஸ் ஷாக்கிள்டன் பௌதிகம் படித்தவர். எலன் மோஸ்லி தொம்சன் பௌதிகத்தில் பட்டம் பெற்று, பின்னர் புவியியலில் கலாநிதியாகி, 1980களில் அந்தாட்டிக்காவில் துளையிடும் குழுவொன்றுக்குத் தலைமை தாங்கினார். ஆகவே, கணிதப் பிரிவை அவள் விரும்பிக் கேட்டால் விடுங்கள் என்பதே என் கருத்து. பௌதிகவியலும் இரசாயனவியலும் இரு பிரிவுகளுக்கும் பொது, இணைந்த கணிதம் பின்னாளில் தரவுகளைக் கையாளுவதற்குப் பெரிதும் உதவும். ஆனால், உங்கள் பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு நிலையான ஆசிரியர் இருக்கிறாரா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால், பாடசாலை மாறுவதா, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை உயிரியல் பிரிவில் உயர்வாக எடுப்பதா என்பதைக் குடும்பமாக இருந்து பேசுங்கள். உயிரியல் பிரிவால் போனாலும் மகரந்தம், நுண்ணுயிர்ச் சுவடு என்று இதே துறைக்கு வழியுண்டு. வைத்தியத்துறை மோசமானது என்று நான் சொல்லவில்லை. விருப்பமில்லாத பிள்ளையை மூன்று முறை பரீட்சைக்கு இருத்துவதைத்தான் மோசம் என்கிறேன்.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டில் முல்லைத்தீவும் அடங்குவதால், கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியோடு அவளை ஒப்பிட்டு மனம் சோர வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியலுக்கெனத் தனித்துறை இருப்பதால், என்னைக் கேட்டால் முதலில் அதைச் சொல்வேன். வீட்டுக்கு அண்மையில் வேண்டுமென்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தையோ இரசாயனத்தையோ சிறப்புப் பட்டமாகச் செய்யலாம். உயிரியல் பிரிவால் போனால் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானமும் உண்டு. எந்தப் பாடநெறிக்கு எந்தப் பாடச் சேர்மானம் வேண்டும் என்பதை, அவள் தோற்றும் ஆண்டுக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பாருங்கள். யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம். விஞ்ஞான பீடங்களில் கற்பித்தல் ஆங்கிலத்தில் நடைபெறும். திறமையான வன்னிப் பிள்ளைகள் பலர் முதலாம் ஆண்டில் தடுமாறுவது பாடத்தினால் அன்று, மொழியினாலேயே. ஆகவே டியூசனுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இன்றே ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள்.

நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தோடு அவள் நின்றுவிட்டாலும் வேலைக்கு வழியுண்டு. புவிச்சரிதவியல் படித்தவர்களைப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகமும், நீர்வள சபையும், மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் பணிக்கு எடுக்கின்றன. பௌதிகம் அல்லது இரசாயனம் படித்தவருக்கு ஆசிரியப் பணி இருக்கிறது. தொடக்கத்தில் ‘எந்தப் படியில்’ என்று நான் சொன்னது இதைத்தான்: ஒவ்வொரு கட்டத்திலும், அங்கேயே நின்றாலும் பிழைக்கக்கூடிய ஒரு தகைமை அவள் கையில் இருக்க வேண்டும்.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆய்வாளராவதற்குக் கலாநிதிப் பட்டம் வேண்டும். நாட்டைப் பொறுத்து அது மூன்று முதல் ஆறு ஆண்டுகள் எடுக்கும். இதற்காக நீங்கள் காணியை ஈடு வைக்கவோ நகையை விற்கவோ கூடாது. அமெரிக்காவில் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ சேரும் மாணவருக்குப் பொதுவாகக் கட்டணம் விலக்கப்பட்டு உதவித்தொகையும் கிடைக்கும். நெதர்லாந்து, நோர்வே போன்ற நாடுகளில் கலாநிதிப் பட்ட ஆய்வு சம்பளத்தோடு கூடிய உத்தியோகமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஜேர்மனியின் டாட் (DAAD) என்னும் கல்விப் பரிமாற்ற அமைப்பின் புலமைப்பரிசிலும் நம்மவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. அண்மையில் வேண்டுமென்றால், லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனமும், அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆய்வுகூடமும், கோவாவிலுள்ள துருவ, சமுத்திர ஆய்வு மையமும் இத்துறையில் பெயர் பெற்றவை. காசு கட்டினால் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு இடம் எடுத்துத் தருவோம் என்று வருகிற முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பட்டத்துக்குப் பின், இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் நாடு விட்டு நாடு மாறி வேலை செய்ய நேரலாம். நிரந்தரப் பதவிகளோ குறைவு, போட்டியோ அதிகம். ஆய்வுக்கான பணம் அரசுகளின் கையில் இருப்பதால் அது எப்போதும் நின்றுபோகலாம். மேலே சொன்ன ஜோய்டஸ் ரெசல்யூஷன் கப்பலின் பணியே 2024இல் நிதி நீடிக்கப்படாமல் முடிவுக்கு வந்தது. திருமணமும் பெற்றோரின் முதுமையும் இந்த ஆண்டுகளில்தான் குறுக்கிடும். இதை மகளிடமும் மறைக்காமல் பேசுங்கள். எனினும், அளவைக் கருவிகளையும் புள்ளிவிபரவியலையும் கணினி நிரலாக்கத்தையும் கையாளத் தெரிந்த ஒருவர் இத்துறையை விட்டு வெளியேறினாலும், காப்புறுதி, நீர்வளம், தரவுப் பகுப்பாய்வு போன்ற இடங்களில் வேலை தேடிக்கொள்ள முடியும். ஆகவே பைதன் போன்ற ஒரு நிரல்மொழியை உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை உள்ள காத்திருப்புக் காலத்தில் அவள் பழகட்டும். அந்த மாதங்களை நமது பிள்ளைகள் வீணாகவே கழிக்கிறார்கள்.

இப்போதைக்கு நீங்கள் தீர்மானிக்க வேண்டியது உயர்தரப் பிரிவை மட்டுமே. அவளுடைய கணித, விஞ்ஞானப் பெறுபேறுகளோடும் வகுப்பாசிரியரின் அபிப்பிராயத்தோடும், உயர்தர அனுமதிப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன் அவளையும் அழைத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு என்னிடம் ஒருமுறை வாருங்கள். பல்கலைக்கழகத் தெரிவை இசட் புள்ளி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.