கட்டிலுக்கு அடியில் 38,500 ரூபாய்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். கடலூர் வண்டிப்பாளையத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். என் மூத்த நாத்தனார், அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், ஒரு டைரக்ட் செல்லிங் கம்பெனியில் ஒரு வருடமாக இருக்கிறார். போன மாதம் 29-ம் தேதி ராத்திரி வீட்டுக்கு வந்து, "நாளைக்குள்ள மெம்பர் ஐடி போட்டுட்டா நேரா சில்வர் படியிலயே ஆரம்பிக்கலாம், சின்ன பேக்ல சேர்ந்தா மேல வரவே மூணு வருஷம் ஆகும், போடு, நான் பாத்துக்கறேன்" என்றார். சேருவதற்குக் கட்டணம் கிடையாது, சரக்குக்குத்தான் பணம் என்றும் சொன்னார். மறுநாள் ஒரு பவுன் செயினை அடகு வைத்து 38,500 ரூபாய் கொடுத்தேன். அதில் 20,000 அண்ணி நம்பருக்கு ஜிபே, மீதி கையில். மூன்று வாரம் ஆகிறது. நாலு பேஸ்ட்டும் ஒரு பாத்திரம் கழுவும் லிக்விடும்தான் விற்றிருக்கிறேன், அதிலும் இரண்டு பேஸ்ட் என் அம்மா வாங்கியது. "உனக்குப் பேசத் தெரியல, நீயும் ரெண்டு பேரைச் சேத்து விடு, போட்ட காசு வந்துடும்" என்கிறார் அண்ணி. சரக்கைத் திருப்பித் தர முடியுமா? தந்தால் குடும்பத்தில் சண்டை வருமே? செயின் விஷயம் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

பதில்: முதலில் பெட்டியை எண்ணிவிடுவோம். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய பட்டியல்படி, 145 ரூபாய் பேஸ்ட் 24, அது 3,480. புரோட்டீன் பவுடர் டின் 1,850 வீதம் 12, அது 22,200. முகத்துக்குப் போடும் க்ரீம் 620 வீதம் 10, அது 6,200. பாத்திர லிக்விட் 330 வீதம் 14, அது 4,620. மொத்தம் 36,500. மிச்சம் 2,000 ரூபாய் பை, கேட்டலாக், பயிற்சி என்று போட்டிருக்கிறார்கள். சேருவதற்குக் கட்டணம் இல்லை என்றார்களே, அப்புறம் இந்த 2,000 என்ன? அதற்கு அப்புறம் வருகிறேன்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பேஸ்ட் ஏறக்குறைய ஒரு மாதம் வரும். அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு வீட்டுக்கு இரண்டு வருட பேஸ்ட். சரி, பேஸ்ட்டையாவது பல் தேய்த்துத் தீர்த்துவிடலாம். அந்த 12 டின்னை யார் வாங்குவார்கள்? வண்டிப்பாளையத்தில் உங்கள் தெருவில் ஒரு டின் பவுடருக்கு 1,850 ரூபாயை எடுத்து வைக்கும் வீடு எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காசுக்கு முதுநகர் துறைமுகத்தில் மத்தி வாங்கினால் புரோட்டீனும் கிடைக்கும், குழம்பும் கிடைக்கும். பெட்டியில் அதிகப் பணம் எதில் போயிருக்கிறது பாருங்கள், அந்த டின்னில்தான். விற்கச் சிரமமான சரக்கில்தான் பாயின்ட், அதாவது கமிஷனுக்கும் படி ஏறவும் கம்பெனி போடும் மதிப்பெண், அதிகம் வைத்திருப்பார்கள், நான் பார்த்தவரை இது அநேகமாக எல்லா இடத்திலும் இப்படித்தான்.

உங்களுக்குப் பேசத் தெரியவில்லை என்பதை நம்பாதீர்கள். இந்த 36,500-க்கான பாயின்ட் உங்கள் அண்ணியின் கணக்கில் ஏறியது 30-ம் தேதி. அன்றைக்கு நீங்கள் ஒரு பேஸ்ட் கூட விற்றிருக்கவில்லை. விற்பனை அன்றைக்கே முடிந்துவிட்டது. அண்ணி விற்றார், நீங்கள் வாங்கினீர்கள். கம்பெனியைப் பொறுத்தவரை அந்தப் பெட்டியின் கடைசி வாடிக்கையாளர் நீங்கள்தான், அதை யாராவது பல்லில் வைத்துத் தேய்த்தார்களா என்பது பற்றி அதற்குமேல் அவர்களுக்குக் கவலை இல்லை. 29-ம் தேதி ராத்திரி ஏன் வந்தார் என்றால் மாதம் 30-ம் தேதி முடிகிறது, அவருக்கு ஏதோ ஒரு படிக்குப் பாயின்ட் குறைந்திருக்கும். அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, அவருக்கு மேலே இருப்பவர் அன்று சாயங்காலம் அவருக்குப் போன் போட்டிருப்பார்.

நானும் இதில் மாட்டியவள்தான். பல வருடம் முன்னால் புதுச்சேரி நூறடி ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில், மே மாத வெயிலில் கோட்டும் டையும் போட்ட ஒருவர் மேடையில் கண்ணீர் விட்டதைப் பார்த்துவிட்டு 12,000 ரூபாய்க்கு சோப்பு வாங்கினேன். அந்த சோப்பு தீர்ந்தபோது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

இப்படிப் புதிதாக வருபவர் மேல் சரக்கை ஏற்றுவது இந்த வியாபாரத்தில் உலகம் முழுக்கப் பழைய வியாதி. நம் ஊரில் இதை ஒரே வார்த்தையில் 'தலையில் கட்டுவது' என்போம். அமெரிக்காவில் 1979-ல் ஆம்வே மீது நடந்த வழக்கில், அது பிரமிடு திட்டம் (சரக்கு விற்பதில் இல்லாமல் ஆள் சேர்ப்பதில் காசு பார்ப்பது) அல்ல என்று அரசு வணிக ஆணையம் தீர்ப்புச் சொன்னதற்கு ஒரு முக்கியக் காரணம் அந்தக் கம்பெனி வைத்திருந்த சில விதிகள். அந்த மாதம் வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றிருந்தால்தான் போனஸ், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விலகுபவரின் விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கம்பெனியில் இதில் ஒன்றாவது இருக்கிறதா என்று அண்ணியிடம் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று தெரியும்.

நம் நாட்டிலும் இதற்கு எழுத்தில் இருக்கிறது. 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை வழிகாட்டு நெறிகளில், சேர்வதற்குக் கட்டணம் கூடாது, செய்து காட்டுவதற்கான சாமான்களுக்கும் காசு வாங்கக் கூடாது, விற்றுத் தீர்க்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்கச் சொல்லக் கூடாது, விற்கும் நிலையில் உள்ள சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் நியாயமான முறையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அந்த 2,000 ரூபாய்க்கு என்ன பெயர் என்று இப்போது புரிந்திருக்கும். பிறகு 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனைக்கு என்றே தனி விதிகள் வந்தன. அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு அவகாசம் உண்டு, அதற்குக் கூலிங் ஆஃப் என்று பெயர், எத்தனை நாள் என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட அல்லது போனில் 'சம்மதம்' என்று தட்டிய ஒப்பந்தத்தில் இருக்கும். மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள், அதனால் இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைத் தேடுங்கள். நாள் தாண்டியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள், சரக்கைத் திரும்ப எடுக்கும் விதி தனியாக இருக்கும்.

அண்ணியிடம் பெட்டியைக் கொடுத்து விடாதீர்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். திருப்புவது கம்பெனிக்கு, அதுவும் எழுத்தில். விலகுகிறேன், இன்னின்ன சரக்கு பிரிக்காமல் இத்தனை இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நாலு வரி எழுதி மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரி யார், எப்படித் தொடர்புகொள்வது என்று அவர்களுடைய இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் வந்ததை 48 வேலை மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், சாதாரணமாக ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், உங்கள் பணம் அண்ணியின் ஜிபேக்குப் போயிருக்கிறது. அவர் தன் ஐடியிலேயே சரக்கு எடுத்திருந்தால் கம்பெனி 'நீங்கள் யார்?' என்று கேட்கும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள். டின் எதையும் பிரிக்காதீர்கள், ருசி பார்க்கக்கூட.

கம்பெனி அசையவில்லை என்றால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண் அது, போன் செய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை உள்ள விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 'விற்பதற்காக வாங்கினவர், அதனால் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடும், நிச்சயம் வாதாடும். சுயதொழில் செய்து பிழைப்புக்காக வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது, அதை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டு விஷயம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சரக்கைத் திருப்பினால் அண்ணிக்கு வந்த கமிஷனைக் கம்பெனி பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, அப்போது அவர் முதலில் போன் போடுவது தம்பிக்குத்தான். செயின் அடகில் இருப்பதை உங்கள் வாயால் கேட்பதற்கும் அக்கா வாயால் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? அண்ணியிடமும் 'நீங்க ஏமாத்திட்டீங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். "அண்ணி, எனக்கு இது ஓடல, கம்பெனிக்கே திருப்பி அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் அவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த இரண்டு பேரைச் சேர்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். இப்போது இது உங்கள் நஷ்டம். எதிர்வீட்டுப் பெண்ணைச் சேர்த்துவிட்டால் தினமும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: அரியாங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகன் இப்படி ஒன்றில் சேர்ந்து கூடப் படித்தவர்களில் ஆறு பேரைச் சேர்த்துவிட்டான். கேட்டால், "கம்பெனி கவர்ன்மென்ட்ல ரிஜிஸ்டர் ஆனது, ஜிஎஸ்டி இருக்கு, பான் இருக்கு" என்று சான்றிதழைக் காட்டுகிறான். பிறகு எப்படித் தவறாகும்?

பதில்: ஐயா, கம்பெனிப் பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. குழந்தை பிறந்தது என்று சொல்லும், நல்ல பிள்ளை என்று சொல்லாது. ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கு. உங்கள் மகனிடம் சான்றிதழைக் கேட்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போன மாதம் உனக்கு வந்த பணத்தில், கம்பெனியில் சேராத ஆட்கள் வாங்கிய சரக்கிலிருந்து வந்தது எவ்வளவு, அந்த ஆறு பேர் சேர்ந்தபோது எடுத்த பேக்கில் இருந்து வந்தது எவ்வளவு? இரண்டாவதுதான் பெரும் பங்கு என்றால் அது ஆள் பிடிக்கும் வேலை. பிரமிடு திட்டத்தை 2021 விதிகள் வெளிப்படையாகத் தடை செய்திருக்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ம் வருடச் சட்டம் அதற்கும் முன்னாலிருந்தே இருக்கிறது, அதில் மூன்று வருடம் வரை சிறை உண்டு, நடத்துபவருக்கு மட்டுமில்லை, ஆள் சேர்ப்பவருக்கும்தான். 'நானும் ஏமாந்தவன்தான்' என்று அவன் சொல்வான், ஆனால் அந்த ஆறு வீட்டு அப்பா அம்மாவுக்குத் தெரிந்த முகம் அவனுடையது மட்டும்தானே.

இன்னொன்று, கம்பெனி வேறு மாநிலத்தில் இருக்கிறது, புதுச்சேரியிலிருந்து நாம் எங்கே போய் அலைவது என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம்.

கேள்வி: முதுநகரில் இருக்கிறேன். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, நான் வாங்கி வைத்திருந்த ஹெல்த் பவுடர் அட்டைப்பெட்டி எல்லாம் ஊறிவிட்டது. டின் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது. பாதி விலைக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: கூடாது. சாக்கடையும் ஆறும் கலந்த தண்ணீரில் நின்ற டின் அது, மூடி இடுக்கில் என்ன போயிருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அதோடு டின் அடியில் தேதியைப் பாருங்கள், அநேகமாக முடிந்திருக்கும். கம்பெனி திரும்ப எடுப்பது விற்கும் நிலையில் உள்ள, தேதி முடியாத சரக்கை மட்டும்தான், அதனால் அந்த வழியும் இல்லை. கொட்டிவிட்டு டின்னைக் கழுவி, காயவைத்து, ஆணி, திருகாணி போட்டு வையுங்கள். பில் இருந்தால் அதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சேர்த்துவிட்டவர் இன்னும் மாதாமாதம் ஆர்டர் போடச் சொல்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அடுத்த முறை வரும்போது காட்டலாம்.