ஆட்டக்காரர் கையில் மைக்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டைக் கூட்டத்தில் பேசும்போது டிக் பட்டன் என்ற அமெரிக்க ஐஸ் ஸ்கேட்டிங் வீரரைப் பற்றி இரண்டு வரி சொன்னீர்கள். ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கியவர், பிறகு டிவியில் பேசிப் பேர் வாங்கியவர் என்று. அதைக் கேட்டதிலிருந்து ஒரு கேள்வி. எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பதினாறு வருடம் கபடி ஆடினேன். முழங்கால் சவ்வு கிழிந்ததோடு சரி, களத்தில் இறங்க முடியவில்லை. இப்போது எங்கள் ஊர்க் கொடைக்கு நடக்கிற ராத்திரி மேட்சில் என்னை மைக் பிடிக்கச் சொல்கிறார்கள். கூட ஆடினவன் ஒருத்தன், "ஆட முடியாதவன்தாம்லே பேசுவான்" என்று சொல்லிவிட்டான். அது மனதில் முள்ளாய்க் கிடக்கிறது. அந்த மனிதர் ஆடினது பெரிதா, பேசினது பெரிதா? கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

முதலில் அவர் ஆடினதைச் சொல்கிறேன். அது தெரியாமல் பேசினதன் மதிப்பு தெரியாது.

டிக் பட்டன் 1929இல் நியூஜெர்சியில் பிறந்தவர். சின்ன வயதில் குண்டுப் பையன், இவன் ஸ்கேட்டிங்குக்கு ஆக மாட்டான் என்று ஒரு பயிற்சியாளர் தள்ளிவிட்டார். அப்புறம் குஸ்டாவ் லுசி என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். 1948இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒலிம்பிக்ஸ். பையனுக்கு 18 வயது.

அந்தக் காலத்தில் தாவிக் குதிப்பதற்கு முன்னால் இன்னொரு பரீட்சை உண்டு. லைசென்ஸ் எடுக்க வண்டியில் எட்டு போடுகிறோமே, அதுபோலப் பனிக்கட்டியின் மேல் ஒற்றைக் காலில் எட்டு போட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி போக வேண்டும். நடுவர்கள் குனிந்து, மார்கழிக் கோலத்தில் இழை பிசகியிருக்கிறதா என்று பார்க்கிற ஆச்சி மாதிரி, அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். அதில் பட்டன் முந்திவிட்டார். மிச்ச ஆட்டத்தைப் பத்திரமாக ஆடியிருந்தாலே தங்கம் வந்திருக்கும்.

ஆனால் முந்தின நாள் பயிற்சியில்தான் இரட்டை ஆக்ஸல் என்ற தாவல் அவருக்கு முதல் தடவையாகச் சரியாக விழுந்திருந்தது. மற்றத் தாவல்களுக்குப் பின்பக்கமாகச் சறுக்கி வந்து எம்புவார்கள். ஆக்ஸலுக்கு மட்டும் முகம் பார்த்த திசையிலேயே எம்ப வேண்டும். இறங்குவது மட்டும் எல்லாத் தாவலையும் போலப் பின்பக்கமாகத்தான். அதனால் அரைச் சுற்று கூடுதல். இரட்டை என்றால் அந்தரத்தில் இரண்டரைச் சுற்று. சுற்றி முடித்து, காலில் கட்டிய கத்தியின் வெளி விளிம்பில், ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். போட்டியில் அதுவரை உலகத்தில் யாரும் போட்டதில்லை. ஒரே ஒரு நாள் பழக்கத்தை நம்பி ஒலிம்பிக்ஸ் களத்தில் அதைப் போட்டார். தங்கம் வாங்கினார். 1952இல் ஆஸ்லோவில் மூன்று சுற்றுத் தாவல், அதுவும் உலகத்தில் முதல் தடவை. மறுபடி தங்கம். 1948 முதல் 1952 வரை வரிசையாக ஐந்து உலகப் பட்டம்.

அந்த வருடமே போட்டிகளை விட்டுவிட்டார். ஹார்வர்டில் சட்டமும் படித்து 1956இல் முடித்தார். வக்கீலாகவே காலம் தள்ளியிருக்கலாம்.

1960இல் குளிர்கால ஒலிம்பிக்ஸை அமெரிக்க டிவியில் காட்டியபோது வர்ணனைக்கு வந்தார். மறு வருடம் பிப்ரவரி 15 அன்று பெல்ஜியத்தில் ஒரு விமானம் விழுந்தது. பிராக் நகரில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்க அணி மொத்தமும் அதில் இருந்தது. 18 ஆட்டக்காரர்கள், கூடவே பயிற்சியாளர்களும் நடுவர்களும் குடும்பத்தாருமாக 16 பேர். ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த வருடப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாட்டின் அணியே போய்விட்டது, சொல்லிக்கொடுக்கிறவர்களும் போய்விட்டார்கள். அப்போது பட்டன் ஏபிசி டிவிக்காரர்களிடம் போய்ப் பேசி, இந்த ஆட்டத்தைக் கைவிடாமல் காட்டச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார். 1962 முதல் அங்கே அவர் குரல்தான். மைக்கை அவர் எந்த நேரத்தில் கையில் எடுத்தார் என்று பாருங்கள் தம்பி. ஆட முடியாதவர் பேச வந்த கதையா இது?

அவர் பேசுகிற விதமும் அப்படி. தாவலின் பெயரைச் சொல்லிவிட்டு நகர மாட்டார். எந்த விளிம்பில் எம்பினார், சுழலும்போது முதுகு எப்படி இருந்தது, கை ஏன் பிசகியது என்று விளக்குவார். நல்லதை வாய் நிறையச் சொல்வார், மோசமானதை மோசம் என்பார். அமெரிக்காவில் பனியையே பார்க்காத ஊர்க்காரர்கள்கூட அவர் சொல்லித்தான் ஆக்ஸலை அடையாளம் கண்டார்கள். 1981இல் அதற்காக, டிவிக்காரர்களுக்குக் கொடுக்கிற எம்மி விருது வாங்கினார். 2000 டிசம்பர் 31 அன்று பனித்தளத்தில் விழுந்து மண்டை எலும்பு முறிந்தது. தேறி வந்து, 2006 டூரின் ஒலிம்பிக்ஸில் 76 வயதில் மறுபடி மைக் முன்னால் உட்கார்ந்தார். மதிப்பெண் முறையை மாற்றியபோது, எண்ணிக்கைக்காக அழகைக் கெடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சண்டை போட்டார். அதில் நான் அவர் கட்சி.

ஒன்றில் மட்டும் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளையும் சில நேரம் கடுமையாகச் சொல்லிவிடுவார். உங்கள் ஊரில் ஆடப்போவது பிளஸ் டூ படிக்கிற பையன்கள். அவன் அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். கால் தப்பு என்று சொல்லுங்கள், பையன் தப்பு என்று சொல்லாதீர்கள்.

சில வருடம் முன்னால் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கொடைக்குப் போயிருந்தேன். ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, மறுபக்கம் டியூப் லைட் கட்டிக் கபடி. மைக்கில் இருந்தவர் அன்பளிப்புக் கொடுத்தவர்கள் பெயரை வாசித்து முடிப்பதற்குள் இரண்டு ரெய்டு போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்த பெரியவர், யாருக்கென்று இல்லாமல், தனக்குத்தானே சொன்னார்: "கண்ணு மூலைக்காரன் மேல இருக்கு பாத்துக்க. கை அங்க போவாது. இடது கால் நடுவுக்குள்ள போவும்." சொல்லி வாய் மூடவில்லை, ரெய்டர் பையன் அப்படியே நடுவில் நின்றவன் முழங்காலைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்து விழுந்தான். பல வருடம் கபடி பார்த்தவன் நான், அன்றைக்குத்தான் ரெய்டரின் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அந்தப் பெரியவர் கையில் மைக் இருந்திருந்தால் அங்கே இருந்த ஐந்நூறு பேரும் கற்றிருப்பார்கள்.

உங்களுக்கு அது பதினாறு வருடமாகத் தெரியும். வில்லில் உட்காருகிற புலவர் சுடலை கதையைச் சொல்லும்போது, கதை தெரிந்த கிழவியும் முதல் தடவை கேட்கிற குழந்தையும் சேர்ந்து கேட்கிறார்கள் அல்லவா? அப்படிச் சொல்லுங்கள். போனஸ் கோடு எதற்கு, மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் ஏன் இரண்டு பாயிண்ட் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லுங்கள். அன்பளிப்புப் பட்டியலை இடைவேளைக்குத் தள்ளிவிடச் சொல்லி விழாக் கமிட்டியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் ரெய்டு நடுவில் துண்டுச் சீட்டு நீட்டுவார்கள்.

டிக் பட்டன் 2025 ஜனவரி 30 அன்று, 95 வயதில் காலமானார். அதற்கு முந்தின நாள் இரவு வாஷிங்டனில் ஒரு விமானம் ராணுவ ஹெலிகாப்டரோடு மோதி 67 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் ஸ்கேட்டிங்கைச் சேர்ந்தவர்கள்: பயிற்சி முடிந்து திரும்பிய பிள்ளைகள், அவர்கள் பெற்றோர், ஆசிரியர்கள். பட்டன் நெடுங்காலம் உறவாக இருந்த பாஸ்டன் ஸ்கேட்டிங் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் ஆறு பேர். 64 வருடத்துக்கு முந்தைய அதே துக்கம். இரண்டு செய்தியையும் ஒன்றாகப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இந்த முறை அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச அவர் இல்லை.

அதனால்தான் கூட்டத்தில் அவர் பெயர் வாயில் வந்தது. கொடை என்றைக்கு என்று எழுதுங்கள். ராத்திரி பாபநாசம் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொல்லுங்கள். நான் வருகிறேன். முடிந்தால் அப்படிச் சொன்ன உங்கள் கூட்டாளியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் பிடிக்கிற ஆள் என்றால் நீங்கள் ரெய்டைச் சொல்லுங்கள், அவர் பிடியைச் சொல்லட்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி